மூன்று கதவு, ஒருவழிப் பாதை

கோப்புகளையும் தொடர்புகளையும் நம் சொந்தச் சேவையகத்தில் வைத்துக்கொள்ள உதவும் நெக்ஸ்ட்கிளவுடு மென்பொருளை நிறுவத் தொடங்கினால் நிர்வாகியின் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்ட கையோடு இன்னொரு கேள்வியும் வருகிறது: தரவுத்தளம் எது? எஸ்க்யூலைட், மைஎஸ்க்யூஎல் (அல்லது மரியாடிபி), போஸ்ட்கிரெஸ் என மூன்று கதவுகள். ஆரக்கிளும் உண்டு, ஆனால் அது காசு கட்டும் நிறுவனங்களுக்கு மட்டும். வீட்டுத் தொலைபேசி எண்களையும் நான்கு முகவரிகளையும் போட்டுவைக்க வந்தவர் இந்த இடத்தில் தலையைச் சொறிவார். பலரும் கண்ணை மூடிக்கொண்டு முதலாவதை அமுக்கிவிட்டுப் போகிறார்கள்.

அருகருகே நிற்பதைப் பார்த்தால் மூன்றும் ஒன்றுதான் என்று தோன்றும். உண்மையில் ஒன்றா?

கண்ணன், கணபதி, கமலா, கனகா என்று நான்கு பெயர்களை எஸ்க்யூலைட்டில் இட்டு வரிசைப்படுத்தச் சொன்னேன். நம் அகரவரிசைப்படி நான் எழுதிய வரிசையே சரி. புள்ளி வைத்த எழுத்து முந்தும், னகரம் கடைசியில் வரும். எஸ்க்யூலைட் தந்ததோ கணபதி, கண்ணன், கனகா, கமலா. யூனிகோடு அட்டவணையில் னகரத்தை நகரத்துக்கு அடுத்து வைத்திருக்கிறார்கள், புள்ளியைக் கடைசியில் தள்ளியிருக்கிறார்கள். எஸ்க்யூலைட்டுக்கு இயல்பாக அந்த எண்வரிசையைத் தவிர வேறு இலக்கணம் தெரியாது. போஸ்ட்கிரெஸ் 2017இல் வந்த 10ஆம் பதிப்பிலிருந்து ஐசியு மென்பொருள் நூலகத்தின் மொழிவாரி விதிகளை ஏற்கிறது, அவற்றில் தமிழும் உண்டு. மைஎஸ்க்யூஎல்லில் எந்த ஒப்பீட்டு விதியை வைத்தோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். ஆக, ஒரே கேள்விக்கு மூன்று இடத்தில் மூன்று பதில் வரக்கூடும்.

இங்கேதான் நெக்ஸ்ட்கிளவுடின் வடிவமைப்பைப் பாராட்ட வேண்டும். அது ஒவ்வொரு தொடர்பையும் பெயர், எண், முகவரி என்று துண்டாக்கித் தனித்தனிப் புலங்களில் அடுக்குவதில்லை. ஒருவரின் விவரங்களைத் தாங்கும் விகார்டு முழுவதையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தரவுத்தளத்திடம் கொடுத்துவிடுகிறது. தேடுவதற்காக மட்டும் பெயர், மின்னஞ்சல் போன்றவற்றை இன்னோர் அட்டவணையில் நகலெடுத்து வைக்கிறது. தொடர்புகள் செயலியில் நாம் பார்க்கும் பட்டியலை வரிசைப்படுத்துவது உலாவி, தரவுத்தளம் அல்ல. அதனால் கனகாவும் கமலாவும் எந்தக் கதவு வழியாக உள்ளே போனாலும் ஒரே ஒழுங்கில்தான் வெளியே வருகிறார்கள். தரவுத்தளத்திடம் குறைவாகக் கேட்கிற மென்பொருளுக்கே பல தரவுத்தளங்களோடு குடித்தனம் நடத்த முடியும்.

தேடலில் அவ்வளவு சுளுவாகத் தப்ப முடியவில்லை. ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் கலந்த பெயரைத் தேட, ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் வேறு வேறு வினவலை எழுதியிருக்கிறார்கள். எஸ்க்யூலைட்டின் ‘லைக்’ என்ற தேடல் கட்டளை ஆங்கிலத்தின் 26 எழுத்துக்கு மட்டுமே பெரிசு சிறிசு பாராத சலுகையைத் தரும், பிரெஞ்சுப் பெயரில் தலையில் கோடு போட்ட எழுத்து வந்தால் கைவிட்டுவிடும். பெரிசு சிறிசு பேதமில்லாத தமிழுக்கு இந்த விஷயத்தில் கவலையில்லை.

மைஎஸ்க்யூஎல்லின் பழைய ‘யுடிஎஃப்8’ எழுத்துக் குறியாக்கம் வேறு வகை வம்பு. பெயர்தான் யுடிஎஃப்8, எழுத்துக்கு மூன்று பைட்டுக்கு மேல் கொள்ளாது. தமிழ் எழுத்துகள் சரியாக மூன்று பைட்டு என்பதால் அதில் கச்சிதமாக அடங்கிவிடும், குறையே தெரியாது. ‘குமார் அண்ணா’ பக்கத்தில் யாராவது சிரிப்பு முகம் ஒன்றை ஒட்டும் அன்றைக்குத்தான் தெரியும், ஏனென்றால் அதற்கு நான்கு பைட்டு வேண்டும். மருந்தாக ‘யுடிஎஃப்8எம்பி4’ 2010இலேயே வந்துவிட்டது. ஆனாலும் பழைய நிறுவல்களில் அமைப்புக் கோப்பைத் திறந்து நாமே மாற்ற வேண்டியிருந்தது.

பெரிய குறை இதுவல்ல. எஸ்க்யூலைட் ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் எழுத விடும். வீட்டில் ஐந்து கைபேசிகள் ஒன்றாக ஒத்திசைக்க முனைந்தால் ‘டேட்டாபேஸ் இஸ் லாக்டு’ என்ற பிழை எட்டிப்பார்க்கும். சோதனைக்கும் மிகச் சிறிய நிறுவல்களுக்கும் மட்டுமே எஸ்க்யூலைட் என்று நெக்ஸ்ட்கிளவுடின் ஆவணமே எச்சரிக்கிறது. எஸ்க்யூலைட்டிலிருந்து மற்றவற்றுக்கு மாற ஒரு கட்டளையும் தந்திருக்கிறார்கள். திரும்பி எஸ்க்யூலைட்டுக்கு வர வேண்டுமென்றால் அதே கட்டளை முடியாது என்று கையை விரித்துவிடுகிறது. பெரியதிலிருந்து சிறியதற்கு யார் வரப்போகிறார்கள் என்ற எண்ணமாக இருக்கலாம். வருவார்கள். பத்துப் பேர் இருந்த அலுவலகம் இரண்டு பேராகச் சுருங்குவது ஊரில் நடக்காத கதையா?

கேடிஇ மேசைச்சூழலில் தொடர்புகளையும் அஞ்சல்களையும் கையாளும் அகோனாடியும் இதே மூன்று தரவுத்தளங்களை ஏற்கிறது. ஆனால் அங்கே தரவுத்தளம் பெரும்பாலும் இடைக்காலச் சேமிப்புதான். அசல் முகவரிகள் விகார்டு கோப்பிலோ தொடர்புகளை ஒத்திசைக்கும் கார்டுடேவ் சேவையகத்திலோ இருப்பதால், தவறாகத் தேர்ந்தாலும் மறுபடி ஒத்திசைத்துக்கொள்ளலாம். நெக்ஸ்ட்கிளவுடோ அந்தச் சேவையகமே. அதன் தரவுத்தளம்தான் அசல்.

ஆகவே என் தீர்ப்பு: தொடர்புகளைச் சேமிக்கும் முறைக்கு முழு மதிப்பெண், தேடலுக்குப் பாதி, நிறுவும் திரைக்கு எதுவும் இல்லை. ஒருமுறை வெளியேறினால் திரும்பி நுழைய முடியாத கதவை முதல் கதவாக வைத்தது தவறு. தனி ஆள், ஒரு கைபேசி, ஒரு கணினி என்றால் எஸ்க்யூலைட் போதும், ஆவணத்தின் எச்சரிக்கையைக் கண்டு அஞ்ச வேண்டாம். இரண்டாவது ஆள் சேரப்போகிறார் என்று தெரிந்தாலே முதல் நாளிலேயே போஸ்ட்கிரெஸுக்குப் போய்விடுங்கள். எதில் இருந்தாலும் மாதம் ஒருமுறை முகவரிகளை விகார்டு கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வர இப்போதைக்கு உள்ள வண்டி அந்தக் கோப்பு ஒன்றுதான்.