கேமராவை எடுக்கும் முன்: மாணவர் குறும்படங்கள் குறித்துச் சில கருத்துகள்



தாய்மொழி இருவார நிகழ்ச்சிக்கும் ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவுக்கும் நம் பிள்ளைகள் எடுக்கும் குறும்படங்கள் பலவற்றின் கதையை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். கைப்பேசியே கதி என்று கிடக்கும் மகன், கண்கலங்கும் அம்மா, சோக இசை, திடீர் மனமாற்றம், கடைசியில் திரையில் ஓர் அறிவுரை. படம் பளிச்சென்று இருக்கும், கைதட்டலும் கிடைக்கும். ஆனால் இதை எடுத்த மாணவர் ஊடகத்தைப் பற்றி என்ன கற்றுக்கொண்டார்? கேட்டுப் பாருங்கள், பதில் வருவது கஷ்டம்.

வசனத்தைக் கவனியுங்கள். "அம்மா, நான் பள்ளிக்குச் செல்கிறேன்" என்று எந்த வீட்டுப் பிள்ளை சொல்கிறது? "ஸ்கூலுக்குப் போய்ட்டு வரேன்மா" என்பதுதானே வழக்கம்! பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் இடம் தர வேண்டும் என்று 2005இலேயே தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு பரிந்துரைத்துவிட்டது. ஆனாலும் மதிப்பெண் போய்விடுமோ என்ற பயத்தில் பிள்ளைகள் கட்டுரைத் தமிழையே பேசி நடிக்கிறார்கள். பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வருகிறது. தமிழ் வீட்டில் புழங்கும் மொழி என்பதே அவர்கள் மனத்தில் பதியாமல் போகிறது. எனக்குப் பெரிய கவலை இதுதான்.

இதற்கு ஊடகக் கல்விதான் மருந்து. முதல் வாரம் கேமரா வேண்டாம். ஒரே செய்தியைத் தமிழ் முரசில் படிக்கட்டும், ஒலி 96.8இல் கேட்கட்டும், சமூக ஊடகக் காணொளியிலும் பார்க்கட்டும். எது முதலில் சொல்லப்பட்டது? எது விடுபட்டது? செய்தி வாசிப்பவர் எழுத்துத்தமிழில் வாசிக்கிறார். அதே வானொலியில் நேயரோடு பேசுபவர் பேச்சுத்தமிழுக்கு மாறுகிறார். ஏன்? இந்த ஒரு கேள்வியே ஒரு பாடவேளைக்குப் போதும்.

இரண்டாம் வாரம், யாருக்காக எடுக்கிறோம் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதச் சொல்லுங்கள். தாத்தா பாட்டிக்கா, தொடக்கநிலை 3 மாணவர்களுக்கா? அது தெரிந்தால் மொழிநடை தானாக அமையும். மூன்றாம் வாரம் காட்சிப் பட்டியலும் வசனமும். நான்காவதில் படப்பிடிப்பு, ஐந்தாவதில் தொகுப்பு. மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பிறரைப் படம் எடுக்க அனுமதி கேட்பதும், சினிமாப் பாட்டை அப்படியே எடுத்துப் போடாமல் இருப்பதும் திட்டத்திலேயே எழுதப்பட வேண்டும்.

இன்னொரு குறையும் உண்டு. தமிழ் நன்றாக வரும் ஒரு பிள்ளை எல்லா வசனத்தையும் எழுதும். கணினி தெரிந்த பிள்ளை வாயே திறக்காமல் தொகுத்துக் கொடுத்துவிடும். ஆளுக்கு ஒரு காட்சியைக் கொடுத்து, "இதை ஏன் இப்படி எடுத்தோம்?" என்று தமிழில் விளக்கச் சொல்லுங்கள். மதிப்பெண்ணில் பாதியை அந்த விளக்கத்துக்கே கொடுங்கள்.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கும் இது கைகொடுக்கும். வாய்மொழித் தேர்வில் காணொளியைப் பார்த்ததும் பலர் 'ஒருவர் வருகிறார், குப்பை போடுகிறார்' என்று கண்டதை மட்டும் ஒப்பிக்கிறார்கள். தாமே ஒரு காணொளி எடுத்துப் பார்த்தவர், எதை வலியுறுத்த அந்தக் காட்சி வைக்கப்பட்டது என்று யோசிப்பார். சொந்தக் கருத்து அங்கிருந்துதான் பிறக்கும்.

அடுத்த குறும்படத்துக்குக் கேமராவை எடுக்கும் முன் ஒரு வாரம் ஒதுக்கிப் பாருங்கள். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, பேச்சு நம் பிள்ளைகளின் பேச்சாக இருக்கட்டும்.