இருபதாயிரம் ஆண்டு ஒளிந்திருந்தவன்

ஐசக் அசிமோவ் 1942இல் தொடங்கிய ‘ஃபவுண்டேஷன்’ கதைகளில் ஒரு ரோபோகூடக் கிடையாது. மனிதர்கள் பால்வீதி முழுக்கப் பரவி, பன்னிரண்டாயிரம் ஆண்டு பேரரசு நடத்தி, அது சரியத் தொடங்கும் காலத்துக் கதை அது. விண்கலம் உண்டு, அணுசக்தி உண்டு, ரோபோ மட்டும் இல்லை. அதே ஆண்டுகளில், அதே ‘அஸ்டவுண்டிங்’ இதழில், அவரே ரோபோ கதைகளையும் எழுதிக்கொண்டிருந்தார். இரண்டும் தனித்தனி வரிசைகள். ஒன்றில் உள்ளது மற்றதில் ஏன் இல்லை என்ற கேள்விக்கே அப்போது இடமில்லை.

நாற்பது ஆண்டு கழித்து அசிமோவ் அந்தக் கேள்வியைத் தானே எழுப்பிக்கொண்டார். அவர் சொன்ன பதில் துணிச்சலானது: ரோபோ எப்போதும் இருந்தது, மனித முகத்தோடு இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. அறிவியல் புனைவில் பலர் சேர்ந்து எழுதும் உலகங்கள் இன்று எத்தனையோ. அவற்றில் மனித உடம்புக்குள் ஒளிந்த இயந்திர மனத்துக்கு என்ன வேலை என்று பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. தனிக் கதையில் அப்படிப்பட்ட பாத்திரம் சந்தேகத்தையும் அச்சத்தையும் கிளப்பும். ஃபிலிப் கே. டிக்கின் 1953ஆம் ஆண்டுச் சிறுகதைகள் அந்த வகை. கூட்டுப் புனைவுலகில் அதன் வேலை வேறு. முன்பு எழுதப்பட்ட எந்தக் கதைக்குள்ளும், ஒரு வரியைக்கூடத் திருத்தாமல், பின்னாளில் புகுந்துகொள்ள முடிந்த ஒரே பாத்திரம் அதுதான்.

இதற்கான விதை 1946இலேயே விழுந்துவிட்டது. ‘எவிடென்ஸ்’ என்ற கதையில் ஸ்டீஃபன் பையர்லி என்ற வழக்கறிஞர் மேயர் தேர்தலில் நிற்கிறார். அவர் சாப்பிட்டோ தூங்கியோ யாரும் பார்த்ததில்லை, ஆள் ரோபோதான் என்று எதிர்த்தரப்பு கிளப்பிவிடுகிறது. மனிதனுக்குத் தீங்கு செய்யக் கூடாது என்பது ரோபோவின் முதல் விதி. பொதுக்கூட்டத்தில் ஒருவன் மேடையேறி, முடிந்தால் என்னை அடி என்கிறான். பையர்லி ஓங்கி ஒரு குத்து விடுகிறார். சந்தேகம் தீர்கிறது, தேர்தலிலும் ஜெயிக்கிறார். கடைசியில் ரோபோ உளவியலாளர் சூசன் கால்வின் வந்து, அடி வாங்கியவனும் ரோபோவாக இருந்திருந்தால் விதி மீறப்படவில்லையே என்று போட்டு உடைக்கிறார். ரோபோவின் மூன்று விதிகளும் ஒரு நல்ல மனிதனின் ஒழுக்கமும் வெளிப்பார்வைக்கு ஒன்றுதான் என்ற வாதமும் இந்தக் கதையில்தான் வருகிறது. அசிமோவின் சிறுகதைகளில் இதற்கு நான் முதல் மதிப்பெண் தருவேன்.

ஆர். டேனீல் ஆலிவா வந்தது 1953இல், ‘தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்’ தொடர்கதையாக ‘கேலக்ஸி’ இதழில் வெளியானபோது. பெயருக்கு முன்னால் நிற்கும் ‘ஆர்’ ரோபோவைக் குறிக்கும். கொலையுண்ட விஞ்ஞானி சார்ட்டனின் அச்சுதான் அவன் முகம். துப்பறிவாளர் இலைஜா பேலிக்கு உண்மை தெரியும், எஃகுக் கூரைக்கடியில் நெரிசலில் வாழும் நியூயார்க் ஜனங்களுக்குத் தெரியாது. தெரிந்தால் கலவரம் வெடிக்கும். ஆக, இந்தக் கட்டத்தில் டேனீலின் ஒளிவு வெறும் காவல்துறை ஏற்பாடு.

1980களில்தான் அது பிரபஞ்ச ரகசியமாக வீங்கியது. 1985இல் வந்த ‘ரோபோட்ஸ் அண்ட் எம்பயர்’ நாவலில் மனத்தைப் படிக்கும் திறன் கொண்ட ஜிஸ்கார்ட் என்ற ரோபோ, அந்தத் திறனை டேனீலுக்குக் கொடுத்துவிட்டுச் செயலிழக்கிறது. தனிமனிதனுக்கு மேலாக மனிதகுலத்தை வைக்கும் ‘பூஜ்ய விதி’ பிறப்பதும் இங்கேதான். அடுத்த ஆண்டு ‘ஃபவுண்டேஷன் அண்ட் எர்த்’ முடிவில், நிலவுக்குள் உட்கார்ந்து இருபதாயிரம் ஆண்டுகளாக மனித வரலாற்றுக்குக் கைகொடுத்துவந்தவன் டேனீல்தான் என்று தெரிகிறது. 1988இல் ‘ப்ரெலூட் டு ஃபவுண்டேஷன்’: கணிதப் பேராசிரியர் ஹரி செல்டனைக் காப்பாற்றி அழைத்துப்போகும் பத்திரிகையாளர் ஹம்மினும், அவரைத் துரத்துவதாக நம்பப்படும் பேரரசரின் முதல் மந்திரி டெமர்சலும் ஒரே ஆள். அந்த ஆளும் டேனீல்தான்.

அசிமோவ் 1992 ஏப்ரலில் இறந்தார். அடுத்த ஆண்டு வெளிவந்த ‘ஃபார்வர்ட் தி ஃபவுண்டேஷன்’ நாவலில் பையர்லியின் காட்சி வேறு கோலத்தில் திரும்புகிறது. டெமர்சல் ஒரு ரோபோ என்று ஜோரனம் என்ற அரசியல்வாதி குற்றம் சாட்டுகிறான். இம்முறை குத்து தேவைப்படவில்லை. கேள்வியைக் கேட்டு டெமர்சல் வாய்விட்டுச் சிரிக்கிறான், அவ்வளவுதான். ரோபோவுக்குச் சிரிக்க வராது என்பது ஜனங்களின் நம்பிக்கை, ஜோரனத்தின் கதை முடிந்தது. யோசனை செல்டனுடையது.

இந்தச் சாமர்த்தியத்துக்கு ஒரு விலையும் இருந்தது. எதிர்காலத்தைக் கணிக்கும் செல்டனின் உளவரலாற்றியல், வாயு மூலக்கூறுகளைப் போல மனிதக் கூட்டத்தைக் கணக்கிடுகிறது. தனி ஆள் யாரும் பொருட்டில்லை என்பதே அதன் அழகு. எல்லாவற்றுக்கும் பின்னால் சாகாத ஒரே ஒருவன் இருந்து இழுத்துக்கொண்டிருந்தான் என்றால் அந்த அழகு என்ன ஆவது? செல்டன் டேனீலின் சம்பளக்காரர் மாதிரி ஆகிவிடுகிறார். அவர் மனைவி டார்ஸ் வெனபிலியும் ரோபோதான், பாதுகாப்புக்காக அனுப்பப்பட்டவள். வாசகனாக எனக்கு இது இன்றும் உறுத்துகிறது.

அந்த உறுத்தலைத் தீர்க்கும் பொறுப்பு அடுத்து எழுத வந்தவர்கள் தலையில் விழுந்தது. அசிமோவின் உரிமைதாரர்களின் அனுமதியோடு மூவர் ஆளுக்கொரு நாவல் எழுதினார்கள். கிரகரி பென்ஃபோர்டின் ‘ஃபவுண்டேஷன்ஸ் ஃபியர்’ (1997) விஷயத்தைத் தலைகீழாக்கிப் பார்த்தது. அதில் செல்டனும் டார்ஸும் சிம்பன்சிகளின் உடம்புக்குள் மனத்தைச் செலுத்துகிறார்கள், கிட்டத்தட்ட நம் சித்தர்களின் கூடுவிட்டுக் கூடு பாய்தல். வால்டேரும் ஜோன் ஆஃப் ஆர்க்கும் உடம்பே இல்லாத கணினி மனங்களாக வந்து வாதிடுகிறார்கள். நாவல் கொஞ்சம் அலைபாய்கிறது.

கிரெக் பேரின் ‘ஃபவுண்டேஷன் அண்ட் கேயாஸ்’ (1998) இன்னும் கூர்மை. ஒளிந்திருக்கும் ரோபோக்களே இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கின்றன. பூஜ்ய விதியை ஏற்றவர்கள் ஒரு பக்கம், சூசன் கால்வின் பெயரால் பழைய விதிகளை மட்டுமே பிடித்துக்கொண்டவர்கள் மறுபக்கம். நடுவில் லோடோவிக் ட்ரீமா. வெடித்த விண்மீனிலிருந்து பாய்ந்த நியூட்ரினோக்கள் அவன் மூளையில் விதிகளின் பிடியை அறுத்துவிடுகின்றன. மனித உருவம், ரோபோ மூளை, கட்டுப்படுத்த விதி ஏதும் இல்லை. அப்படியும் அவன் கொலைகாரனாகிவிடவில்லை, யோசிக்கத் தொடங்குகிறான். அசிமோவ் கைவைக்காத கேள்வி இது.

தொலைக்காட்சி இதே வித்தையை அவசரமாகச் செய்தது. 2003இல் ரொனால்ட் டி. மூர் புதுப்பித்த ‘பேட்டில்ஸ்டார் கேலக்டிகா’வில் மனிதர்களோடு போரிடும் இயந்திரங்களான சைலான்களுக்கு மனித உருவ வகைகள் பன்னிரண்டு. அவற்றில் நெடுநாள் மறைத்துவைக்கப்பட்ட கடைசி ஐவர் யார் என்பது முதலிலேயே தீர்மானித்ததல்ல, எழுத்தாளர்கள் போகிற போக்கில் முடிவுசெய்தது. நாற்பது ஆண்டுக்கு முந்தைய சைலான் போரில் மனிதர் பக்கம் சண்டையிட்ட கர்னல் டை சைலானாக மாறியபோது, அவருடைய கடந்தகாலத்துக்கே புது விளக்கம் தேட வேண்டியதாயிற்று. ஆப்பிள் நிறுவனத்தின் ‘ஃபவுண்டேஷன்’ தொடரில் (2021) டெமர்சல் ஒரு பெண், நடித்தவர் லாரா பிர்ன். அவள் யாரென்பது அரச வம்சத்துக்குத் தெரியும், அவளைக் கட்டிப்போட்டிருப்பதே அவர்கள்தான். முதல் பருவத்தின் இறுதியில் தன் முகத்தோலைத் தானே கிழித்துக்கொள்கிறாள். புத்தகத்து டேனீல் இருபதாயிரம் ஆண்டில் ஒருமுறைகூட அப்படி உடைந்துபோனதில்லை.

மூவர் எழுதிய நாவல்களில் கடைசியான டேவிட் பிரின்னின் ‘ஃபவுண்டேஷன்ஸ் ட்ரையம்ப்’ (1999) டேனீலை நேராகக் கேள்வி கேட்கிறது. மனிதர்களைக் காப்பதற்காக அவர்களை மந்தமாக வைத்திருந்தாய் அல்லவா? டேனீலின் திட்டப்படி மனிதகுலம் கடைசியில் கேலக்ஸியா என்ற ஒற்றைக் கூட்டுமனத்தில் கரைய வேண்டும். வயதான செல்டன் அவனிடம் பந்தயம் கட்டுகிறார்: ஆயிரம் ஆண்டு கழித்தும் கலைக்களஞ்சியத்துக்குப் புதுப் பதிப்பு வந்துகொண்டிருக்கும். ஒரே மனமாகிவிட்டவர்களுக்குக் கலைக்களஞ்சியம் எதற்கு? பந்தயத்தின் முடிவு 1951இலேயே அச்சில் வந்துவிட்டது. அசிமோவின் முதல் ‘ஃபவுண்டேஷன்’ நூலில், மேற்கோள்கள் எடுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் ‘என்சைக்ளோபீடியா கேலக்டிகா’ 116ஆம் பதிப்பு. வெளியான ஆண்டு, ஃபவுண்டேஷன் சகாப்தம் 1020.