வில்லும் விலையும்

வட்டக்கோட்டை என்ற பெயரை நம்பிச் செல்பவர்க்கு அங்கே காணக் கிடைப்பது வட்டமன்று. கடலோரத்தில் நீண்டு கிடக்கும் நாற்கோணம். 18ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூருக்காக டச்சுத் தளபதி டிலனாய் வலுப்படுத்திய அந்தக் கருங்கற்கோட்டை இன்று காட்சிப் பொருள். பெயர் ஒன்று, வடிவு வேறு. அந்த வட்டாரத்துக்கே உரிய வில்லுப்பாட்டின் நிலையும் இன்று ஏறத்தாழ அதுதான்.

கோயிற்கொடைகளில் வில்லுப்பாட்டு இரவு முழுதும் நடப்பது. சில ஊர்களில் அடுத்த நாளும் தொடர்வது. நாண்மீது வீசுகோல் விழ மணிகள் குலுங்கும். குடமும் உடுக்கையும் ஜால்ராவும் உடன் வரும். புலவர் ஓரடி பாட, மறுபக்கத்தார் அதனை வாங்கிப் பாடுவர். கேட்போர் கதை அறியாதவர் அல்லர். முத்துப்பட்டன் மடியப் போகிறான் என்பதை அறிந்தே, அவன் மடியும் அந்த யாமத்துக்காகக் காத்திருப்பர். அவ்விடத்தில் தாளம் விரையும், சாமியாடுவோர் எழுவர். சாவைப் பாடும் கதைகளில் பாட்டின் உச்சமும் சடங்கின் உச்சமும் கூடிவரும் இந்த முறையைக் குமரி மாவட்டத்திலேயே இருந்து ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், 1988இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக விளக்கியுள்ளார்.

இக்கலையைக் கோயில் முற்றத்திலிருந்து பொதுமேடைக்குக் கொணர்ந்தவர்களுள் முதன்மையானவர், ஒழுகினசேரியில் 1908இல் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். அவரைக் குறை கூற எனக்கு மனமில்லை. பழைய வடிவுக்குள் புதுக் கருத்தைப் புகுத்தும் ஆற்றல் அவருக்குப் பிறவியிலேயே வாய்த்தது. 1949இல் வந்த 'நல்லதம்பி'யின் கிந்தனார் காலட்சேபம் அதற்குச் சான்று. கொத்தமங்கலம் சுப்பு காந்தியடிகளின் வரலாற்றை வில்லிசையாக்கினார். கலைவாணரிடம் பழகிய சுப்பு ஆறுமுகம், 2022இல் மறையும் வரை இக்கலையைத் தமிழகமெங்கும் அறியச் செய்தார். 2021இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். இவர்கள் மாற்றியபோது கைவசம் சரக்கு இருந்தது.

பின்வந்தோர் பலரிடம் மாற்றம் மட்டுமே எஞ்சியது. ஆர்மோனியமும் தபேலாவும் வந்தன. திரைப்பட மெட்டுக்கள் வந்தன. "ஆமாம்" போடுவதற்கென்றே ஒருவர், சிரிப்பு மூட்டுவதற்கென்றே ஒருவர். பலரும் மெட்டைத்தான் குறை சொல்கிறார்கள். எனக்கு அது பெரிய குற்றமாகத் தோன்றவில்லை. நாகூர் ஹனீபா 'பாவ மன்னிப்பு' போன்ற படங்களில் பாடினார், கட்சி மேடைகளிலும் பாடினார். எங்கு பாடினாலும் அந்தக் குரல் அவருடையதாகவே இருந்தது. வில்லுப்பாட்டு விற்றது மெட்டையன்று, நேரத்தை. முத்துப்பட்டனை ஒரு மணி நேரத்தில் சாகடிக்க இயலாது. ஆகவே கதையை விட்டுத் துணுக்குகளைப் பிடித்துக்கொண்டார்கள்.

இதற்கு மாறான நிலையைக் காணத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. அதே மாவட்டத்துத் தக்கலையில், ஆண்டுதோறும் ரஜபு மாதத்தில், பீர் முகம்மது அப்பாவின் ஞானப்புகழ்ச்சியை விடிய விடியப் பாடுகிறார்கள். பாடுவோர் அதை விற்கப் பாடவில்லை. எனவே எவரும் அதனைச் சுருக்கச் சொல்லவில்லை. இந்த ஒப்புமை வில்லுப்பாட்டுக் கலைஞருக்கு முற்றும் நியாயம் செய்வதாகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர் பாட்டை நம்பி அடுப்பெரிப்பவர். கொடை நடப்பதோ ஆண்டில் சில மாதங்கள். கொடை நடத்துவோரே மெல்லிசைக் கச்சேரிக்கு நல்ல நேரத்தை ஒதுக்கிவிட்டு, வில்லுக்கு மிச்ச நேரத்தைத் தரும்போது, புலவர் மட்டும் பழமையைக் காக்க வேண்டுமென்பது கொடுமை.

நா. வானமாமலை பதிப்பித்தமையால் முத்துப்பட்டன் கதை அச்சில் நிற்கிறது. ஆனால் எந்த அடியில் வீசுகோல் விரைய வேண்டும், எந்த அடியில் குடம் அடங்க வேண்டும் என்பது அச்சில் இல்லை. அது முதிய புலவரின் கையில் இருக்கிறது. அவரருகே இரவெல்லாம் அமர்ந்து இடப்பக்கம் பாடியவனுக்கே அது வரும். ஒரு மணி நேர மேடையில் அதைப் பயில இடமில்லை.