பால்கோவா கிண்டும் கை

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்போர் பால்கோவாவின் சுவையைப் பேசும் அளவுக்கு அதைக் கிண்டும் கையைப் பற்றிப் பேசுவதில்லை. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பண்டத்தில் பாலும் சர்க்கரையுமே சேர்வதால், அதன் தரம் பெரும்பாலும் நெருப்பையும் கிண்டுபவரின் பொறுமையையும் நம்பியே இருக்கிறது. அகன்ற இரும்புச் சட்டியில் பால் சுண்டும்போது, துடுப்பு, அதாவது நீண்ட காம்புடைய தட்டையான கரண்டி, அடியைத் தொட்டும் ஓரத்தில் படியும் ஆடையை வழித்தும் ஓயாமல் சுழல்கிறது. சற்றே அசந்தாலும் அடிப்பிடித்த வாடை சட்டி முழுவதும் ஏறிவிடும்.

தொடக்கத்தில் சலசலக்கும் கொதியொலி, நீர் வற்ற வற்ற, கனத்த குமிழிகள் ‘பொத்’தென்று உடையும் ஓசையாகத் தணிகிறது. சர்க்கரை சேர்ந்ததும் இளகிப் பின் மீண்டும் இறுகும் கலவையின் கனம் துடுப்பின் வழியே மணிக்கட்டுக்குத் தெரிந்துவிடுவதால், தேர்ந்த கைக்குக் கடிகாரம் தேவைப்படுவதில்லை. பதம் எனப்படுவது சரியான இறுக்கம் கூடிவரும் குறுகிய பொழுது. அதற்கு முன்னே இறக்கினால் கோவா ஒழுகும், பின்னே இறக்கினால் உலர்ந்து உதிரும். நல்ல கோவாவில் நாக்குக்கு முதலில் தட்டுப்படுவது இனிப்பன்று, மென்மையான குருணைத்தன்மை. காய்ந்த பாலின் மணம் அதன் பின்னரே எழுகிறது. ராஜபாளையத்திலிருந்து பேருந்தில் வந்திறங்குவோர் சூடு ஆறும் முன்பே பொட்டலத்தைப் பிரித்துவிடுவதில் நியாயம் உண்டு, ஏனெனில் ஆறியபின் அதே கோவா இறுகி, மணம் பின்தங்க இனிப்பு முந்திக்கொள்கிறது.