ஆராய்ச்சியும் ஆதாரமும்

ஆராய்ச்சி என்னும் சொல் இந்நாட்டுத் தமிழரிடையே இன்று மிகவும் மலிந்துவிட்டது. ஆண்டு விழா மலர்களிலும், மன்ற மேடைகளிலும், திருமண வாழ்த்துரைகளிலுங்கூட, "ஆராய்ச்சியாளர் கூறுகின்றனர்" என்று தொடங்கி எதனையும் சொல்லிவிடலாம் என்ற நிலைமை ஏற்பட்டிருக்கிறது. எந்த ஆராய்ச்சியாளர், எந்நூலில், எச்சான்று கொண்டு கூறினார் என்று சபையிலிருந்து ஒருவர் எழுந்து வினவுவாராயின், தமிழ்ப்பற்று இல்லாதவரென்று அவரைப் பழிப்பர். மேடைப் பேச்சோடு இஃது ஒழிந்தால் நாம் பொருட்படுத்த வேண்டுவதில்லை. தோட்டத்துப் பள்ளியில் தமிழ் பயின்று பல்கலைக்கழகம் புகுந்த நம் பிள்ளைகள் எழுதும் ஆய்வேடுகளிலும் இந்நோய் தொற்றியிருத்தலைக் காணுங்கால் வாளாவிருத்தல் தகாது.

ஆய்வேட்டின் முற்பகுதியில், தாம் எடுத்துக்கொண்ட பொருள் பற்றித் தமக்கு முன் பிறர் எழுதியவற்றை நோக்கி ஓரியல் எழுதுமாறு பல்கலைக்கழகங்கள் மாணவரைப் பணிக்கின்றன. அவ்வியலுக்கு 'இலக்கிய மீளாய்வு' என்று பெயரிட்டிருக்கிறார்கள். ஆங்கிலச் சொல்லைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததனால் விளைந்த பெயர் இது. ரப்பர் மரத்தின் நோயைப் பற்றி ஆராயும் மாணவனும் இவ்வியலை எழுதியாக வேண்டும். அவனுக்கும் இலக்கியத்துக்கும் என்ன தொடர்பு? முன்னாய்வு நோக்கு என்றால் எவருக்கும் விளங்கும். நாம் அவ்வாறே வழங்குவோம்.

பெயர் கிடக்கட்டும், பொருளைப் பார்ப்போம். நாம் கண்ட ஆய்வேடுகள் பலவற்றில் இவ்வியல் திருமண அழைப்பிதழைப் போன்றிருக்கிறது. இன்னார் இன்ன ஆண்டில் இன்ன நூல் எழுதினார், அது மிகச் சிறந்த நூல். இன்னொருவர் இன்ன ஆண்டில் மற்றொரு நூல் எழுதினார், அதுவும் சிறந்த நூல். பெரியோர் அனைவரும் வயது முறைப்படி வரிசையில் நிற்கின்றனர். ஒருவரும் வாய் திறப்பதில்லை. அவர்களுள் யார் யாரோடு மாறுபட்டார், யார் சொன்னது நின்றது, யார் சொன்னது வீழ்ந்தது, இம்மாணவன் இனிச் செய்ய எஞ்சியிருப்பது யாது என்னும் வினாக்களுக்கு அங்கே விடையில்லை. அடுத்த இயலில் மாணவன் அப்பெரியோரை முற்றும் மறந்துவிட்டுத் தன் விருப்பம்போல் எழுதத் தொடங்கிவிடுகிறான்.

இம்முறை மேனாட்டாருடையது, நமக்குப் புதிது, ஆகையால் பிழைகள் நேர்கின்றன என்று சமாதானம் கூறுவாருமுளர். அது பொருந்தாது. பவணந்தியார் பதின்மூன்றாம் நூற்றாண்டளவில் இயற்றிய நன்னூலின் பாயிரத்தில், நூல் செய்வான் பிறர் கொள்கையை நோக்கி நிற்கும் நிலைகள் ஏழென்று வகுத்துள்ளார். பிறர் கூறியதற்கு உடன்படுதல் ஒன்று, மறுத்தல் ஒன்று. முதலில் ஏற்றுக்கொண்டு பின்னர்க் களைதலும் உண்டு. தானே ஒன்றை நாட்டி அதனை நிலைநிறுத்துதலும், இருவர் தம்முள் மாறுபட்டவிடத்து ஒருவர் பக்கம் துணிதலும், பிறர் நூலிற் குற்றங் காட்டுதலும், எவரோடுஞ் சேராது தன் கொள்கையே கொள்ளுதலும் ஏனைய. முன்னாய்வு நோக்கு என்பதற்கு இதனினும் செவ்விய இலக்கணம் வேண்டுமோ? இவ்வேழனுள் பட்டியலிடுதல் என்பது இல்லை. வாயாரப் புகழ்தல் என்பதும் இல்லை. நன்னூலை மனப்பாடஞ் செய்வித்த நம் ஆசிரியர்கள் இப்பகுதியைத் தேர்வுக்குரிய வரிசையாக மட்டுங் கற்பித்ததே குறை.

இனி, ஆதாரங் காட்டாமையால் விளையுங் கேட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். முச்சங்க வரலாறு நேயர்கள் அனைவரும் கேட்டதே. முதற்சங்கம் 4,440 ஆண்டு, இடைச்சங்கம் 3,700 ஆண்டு, கடைச்சங்கம் 1,850 ஆண்டு. ஆகக் கூடி 9,990 ஆண்டுகள் தமிழ்ச் சங்கம் நிலவியது என்பர். இதனை மெய்ப்பிக்கப் புகுந்த கட்டுரையாளர் பத்து நூல்களைச் சுட்டுகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். பத்துச் சான்றுகள் கிடைத்துவிட்டனவென்று படிப்போர் மயங்குவர். அப்பத்து நூல்களையும் எடுத்து, அவை எங்கிருந்து இவ்வெண்களைப் பெற்றன என்று பின்னோக்கிச் சென்றால், வழிகள் யாவும் ஒரே வாயிலிற் சென்று முடியும். அவ்வாயில் இறையனார் அகப்பொருள் உரை. ஒருவர் சொன்னதைப் பதின்மர் திருப்பிச் சொல்லினும் சாட்சி ஒருவரேயன்றிப் பதின்மர் அல்லர். நீதிமன்றத்தில் ஒரு கணமும் நில்லாத வாதம் நம் நூல்களில் மட்டும் நூறாண்டாக நின்றுகொண்டிருக்கிறது.

அவ்வுரையையே எடுத்து நோக்கினால் இன்னொரு வியப்பும் உண்டு. இக்காலத்து எழுத்தாளர் பலர் செய்யாததை அவ்வுரையாளர் செய்திருக்கிறார். இவ்வுரை நக்கீரர் தொடங்கி, அவர் மகனார் கீரங்கொற்றனார் வாயிலாக, ஒருவர்க்கொருவர் உரைத்து வழிவழியாய் முசிறி ஆசிரியர் நீலகண்டனார் வரையில் வந்தது என்று கைம்மாறிய வரிசையைப் பெயர் பெயராக அவ்வுரையே கூறுகிறது. அந்த வரிசை மெய்யோ பொய்யோ, ஆராய்வதற்கு இடம் வைத்திருக்கிறது என்பதே அதன் சிறப்பு. மேலும், அவ்வுரையில் எடுத்துக்காட்டாக வந்த பாட்டுக்களுள் முந்நூறுக்கு மேற்பட்டவை பாண்டிக்கோவை என்னும் நூலுக்குரியன. அக்கோவையின் தலைவன் நெல்வேலிப் போரில் வென்ற பாண்டியன் நெடுமாறன். அவனை ஏழாம் நூற்றாண்டினன் என்று பெரும்பாலோர் கொள்வர். ஆகவே இவ்வுரை இன்றுள்ள வடிவில் அதற்கு முற்பட்டதாகாது என்று அறிஞர் துணிந்தனர். வாய்மொழியாய் வந்ததை நீலகண்டனார் காலத்தில் எழுதியபோது அப்பாட்டுக்கள் சேர்ந்தன என்று விடை கூறுவாரும் உளர். இவ்விரு கூற்றையும் எழுதி, தான் எப்பக்கம் நிற்கிறான், ஏன் நிற்கிறான் என்று சொல்பவனே ஆராய்ச்சியாளன். எண்களை மட்டும் எடுத்துக்கொண்டு எண்கள் வந்த வழியை விட்டுவிடுபவன் வேறொரு தொழில் செய்கிறான்.

பழைய உரையாசிரியர்களுள் இவ்வகையில் தலைசிறந்தவர் அடியார்க்குநல்லார். சிலப்பதிகாரத்து இசை நாடகப் பகுதிகளுக்கு உரை செய்யப் புகுந்தவர், அவற்றுக்குரிய முதனூல்கள் இறந்துபட்டமையைக் கூறி, தாம் துணையாகக் கொண்டவை இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத்தமிழ் நூல் என்னும் ஐந்துமே என்று வெளிப்படையாய் எழுதிவைத்தார். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று நேர்மையாய்க் கூறும் இப்பகுதியைத்தான் நாம் முன்னாய்வு நோக்கு என்கிறோம். பஞ்சமரபு பின்னர் ஏட்டுச் சுவடியில் அகப்பட்டு 1970-களில் அச்சேறியபோது, அஃது இன்ன நூலென்று தமிழுலகம் உடனே அறிந்துகொள்ள முடிந்தது அவர் பெயர் குறித்துவைத்ததனாலன்றோ? இவ்வாறே, புறத்திரட்டைத் தொகுத்த பெயரறியாப் புலவர், ஒவ்வொரு பாட்டும் எந்நூலினின்று எடுத்ததென்று குறித்ததனால் முத்தொள்ளாயிரத்துப் பாட்டுக்கள் நூற்றுக்குமேல் நமக்கு எஞ்சின. நூல் அழிந்தது, மேற்கோள் பிழைத்தது. வளையாபதியும் குண்டலகேசியும் இன்று சில பாட்டுக்களளவில் உயிர்த்திருப்பதும் இவ்வாறே.

இதற்கு மாறான பழக்கமும் நம்மிடையே இருந்தது. "என்றார் பிறரும்" என்று மட்டுங் கூறி அப்பிறர் யாரென்று சொல்லாமற் செல்லுதல் நச்சினார்க்கினியர் போன்ற பேருரையாளரிடத்தும் காணப்படும். அக்காலத்துக் கற்றோர்க்கு அது போதுமானதாயிருந்திருக்கலாம். கேட்டவுடன் இன்ன நூலென்று அறியும் நினைவாற்றல் அவர்க்கிருந்தது. சில நூற்றாண்டுகள் கழிந்தபின் அந்நூல்களின் பெயரறிவார் அருகினர். 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், அவ்வுரையில் வந்த பெயரறியா மேற்கோள்கள் எங்குள்ளன என்று ஏடு ஏடாய்த் தேடியதே சங்க நூல்களோடு அவருக்கு நெருக்கம் உண்டாவதற்கு ஒரு காரணமாயிற்று. பட்ட பாட்டை அவர் மறக்கவில்லை. தாம் அச்சிட்ட நூல்களில் அடிக்குறிப்பும், ஒப்புமைப் பகுதியும், மேற்கோள் நூல்களின் அகராதியும் சேர்த்துப் பின்வருவார்க்கு வழி செய்துவைத்தார். அவ்வகராதிகளைப் புரட்டிப் பாராமல் அவருக்குச் சிலை வைப்பது எளிது!

மாறுபட்ட கருத்துக்களை மறைத்தல் என்பது மற்றொரு குற்றம். சிலப்பதிகாரம் இரண்டாம் நூற்றாண்டினது என்று எழுதுவோர், செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது இலங்கைக் கயவாகு மன்னன் வந்திருந்தான் என்னும் செய்தியையே பற்றி நிற்பர். 1904-இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் கனகசபைப் பிள்ளை இதனைக் கால அளவைக்கு ஆதாரமாகக் கொண்டார். பலர் அவரைப் பின்பற்றினர். வையாபுரிப் பிள்ளை இதனை ஒப்பாது, காப்பியத்தைப் பல நூற்றாண்டு பிற்படுத்தினார். கயவாகு சேர நாடு சென்றதாக மகாவம்சம் கூறவில்லை. இலங்கை அறிஞர் கணநாத் ஒபயசேகர, பத்தினி வழிபாடு பற்றி 1984-இல் வெளியிட்ட பெருநூலில், கயவாகு கதை வரலாறன்று, மக்களிடை வழங்கிய தொன்மக்கதை என்று வாதித்தார். வையாபுரிப் பிள்ளையின் முடிபு நமக்குக் கசக்கலாம். கசப்பானது என்பதற்காக அதனைச் சொல்லாமலே விடுவது மறுப்பாகாது. அவர் பெயரை வசைமொழிக்கு மட்டும் எடுப்போர், அவர் நூலின் பக்கம் ஒன்றையேனும் சுட்டி மறுத்ததை நாம் அருகியே கண்டிருக்கிறோம்.

நூலைச் சுட்டும்போது பதிப்பையும் சுட்ட வேண்டும் என்பதைப் பலர் வெறுஞ் சடங்கென்று நினைக்கின்றனர். குறுந்தொகையைச் சௌரிப்பெருமாள் அரங்கனார் 1915-இலும் சாமிநாதையர் 1937-இலும் பதிப்பித்தனர். ஏடுதோறும் பாடம் வேறுபடுமாதலின், எப்பதிப்பின் பாடத்தைக் கொண்டார் என்று சொல்லாதவர் கூற்றை எவரும் சரிபார்த்தல் இயலாது. நூல்கள் எங்குள்ளன என்று அறியோம் என்னுஞ் சாக்கும் இந்நாட்டார்க்கு இல்லை. ஜான் மர்டாக் 1865-இல் சென்னையில் தமிழ் அச்சு நூல்களுக்குப் பட்டியல் வெளியிட்டார். நூறாண்டுக்குப் பின், முதல் உலகத் தமிழ் மாநாடு கூடிய 1966-இல், தனிநாயக அடிகள் தமிழியல் நூல்களுக்கு ஒரு வழிகாட்டியைத் தொகுத்தார். அதனை வெளியிட்டது நம் கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழகமே.

இவையெல்லாம் புலவர் விவகாரம், தோட்டத்தில் பால்வெட்டிப் பிழைத்தவர் பிள்ளைகளுக்கு இதனால் ஆவதென்ன என்று கேட்கலாம். அவர்களுக்கே இது மிகுதியும் வேண்டும். 1942-இலும் 1943-இலும் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு இட்ட 415 கிலோமீட்டர் ரயில்பாதையில் நம் தோட்டத் தமிழர் எத்தனை பேர் மாண்டனர்? நூலுக்கு நூல் எண் மாறுகிறது. மாண்ட போர்க்கைதிகள் சுமார் 13,000 என்று காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் கூறுகிறது. சிறைப்பட்ட அதிகாரிகள் ஒளித்து வைத்துக் காத்த பெயர்ப் பதிவுகள் அதற்குத் துணையாயின. காஞ்சனபுரி இடுகாட்டில் பெயர் பொறித்த கற்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அதே ஆணையம் மலாயா, ஜாவா, சயாம், பர்மா நாட்டுத் தொழிலாளருட் செத்தவரைச் சொல்லும்போது 80,000 முதல் 1,00,000 வரை என்கிறது. ஒரே வாக்கியத்தில் இருபதினாயிரம் உயிர் இடைவெளி! இவருள் தமிழர் எத்தனையர் என்பதற்கு முழுமையான பெயர்ப் பட்டியல் இல்லை.

இந்நிலையில் நம் கட்டுரையாளர், மலரில் கண்ட ஓர் எண்ணை எடுத்து எழுத, அம்மலரைக் கண்டு இன்னொருவர் எழுத, மூன்றாமவர் அதனைச் சற்று உயர்த்தி எழுத, அவ்வெண் வரலாறாகிவிடுகிறது. எண் பெரிதாயின் துயரம் பெரிதாகும் என்று நினைக்கின்றனர் போலும். வேற்று நாட்டு ஆராய்ச்சியாளர் ஒருவர் ஆதாரங் கேட்டால், அவ்வெண்ணோடு மாண்டவரும் சேர்ந்து பொய்யாக்கப்படுவர் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. இங்கே முன்னாய்வு நோக்கு எழுதுவோன் செய்யத்தக்கது, ஒவ்வோர் எண்ணையும் பக்கம் பக்கமாக வைத்து, இஃது அரசாங்கக் கணக்கு, இது போருக்குப்பின் எடுத்த மதிப்பு, இது நினைவிலிருந்து கூறியது என்று பிரித்துக் காட்டுதல். ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்' நாவலைக் காட்டுவதும் தகும். ஆனால் நாவலென்றே காட்ட வேண்டும்.

முதியோர் வாய்மொழியும் ஆதாரமே; எழுத்தறியாதார் வரலாற்றுக்கு அதுவே பேராதாரம். அதற்கும் முறையுண்டு. சொன்னவர் இசைந்தால் அவர் பெயர், எத்தோட்டத்திலிருந்து எவ்வயதிற் சென்றார், எம்முகாமில் இருந்தார், எழுதியவர் யார், எந்நாளில் எழுதினார் என்பவை குறிக்கப்பட வேண்டும். 1943-இல் பதினெட்டு வயதாயிருந்தவர் இன்றிருந்தால் நூறு கடந்திருப்பார். ஆகையால் இனி நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் மக்களும் பேரரும் கேட்டறிந்த செய்தி. "என் தந்தை கூறக் கேட்டேன்" என்று மகன் சொன்னதை, தந்தையே நேரிற் கூறியதாக எழுதிவிடும் கட்டுரைகள் இப்பொழுதே வரத் தொடங்கிவிட்டன. கண்டவர் வாயிற் கேட்டது எது, கேட்டவர் வாயிற் கேட்டது எது என்று ஏட்டின் ஓரத்தில் ஒரு வரி எழுதிவைக்க எவ்வளவு மை செலவாகும்?