கல்வாரிக் காவலனின் தலைக்கவசம்

உரோமைப் போர்வீரன் என்றதும் நம் மனக்கண்முன் எழும் உருவம் ஒன்று உண்டு. மார்புத் தசைகள் புடைத்துத் தெரியும் தோற்கவசம், மணிக்கட்டை இறுக்கிய தோற்பட்டை, செந்நிறப் போர்வை, உச்சியில் செந்தூவிக் கொண்டை நிமிர்ந்து நிற்கும் பளபளப்பான தலைக்கவசம். இவ்வுருவத்தை நாம் எந்த அகழாய்விலிருந்தும் பெறவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஓவியர்களும் இசைநாடக அரங்குகளும் வகுத்ததை, 1959ஆம் ஆண்டின் ‘பென்ஹர்’, 1965ஆம் ஆண்டின் ‘தி கிரேட்டஸ்ட் ஸ்டோரி எவர் டோல்ட்’ முதலிய பெரும் படங்கள் உலகெங்கும் கொண்டு சேர்த்தன. நம் பங்குகளின் பாஸ்கா மேடைகளில் அட்டையாலும் வெள்ளித்தாளாலும் செய்யப்படும் கவசங்களுக்கும் பெரும்பாலும் இவையே மூலப்படிகள்.

இதில் என்ன குறை, திருப்பாடுகளின் காட்சியில் காவலனின் தொப்பியா பெரிது என்று வாசகர் கேட்கலாம். தொப்பி பெரிதன்று, அதன் கீழ் இருக்கும் முகம் பெரிது. பொய்யான கவசம் அம்முகத்தை நம்மிடமிருந்து மறைக்கிறது என்பதே இக்கட்டுரையின் வழக்கு.

உரோமைப் படைக்கலன்களைப் பற்றிய அறிவு கடந்த அரை நூற்றாண்டில் பெரிதும் தெளிவடைந்தது. 1964இல் வட இங்கிலாந்தின் கார்பிரிட்ஜில் மண்ணுக்குள் கிடந்த பெட்டியொன்றில் இரும்புத் தகட்டுக் கவசங்களின் பகுதிகள் கிடைத்தன. இலண்டன் கோபுரத்தின் படைக்கலக் கூடத்தில் பணியாற்றிய ரஸ்ஸல் ராபின்சன் என்பார் அவற்றின் அமைப்பை மீட்டெடுப்பதில் பங்குகொண்டார். 1975இல் வெளிவந்த அவருடைய நூல், அதுவரை கிடைத்திருந்த தலைக்கவசங்களை இனம் இனமாகப் பிரித்து வரிசைப்படுத்தியது. இதற்கிடையில் 1972இல் இங்கிலாந்தில் எர்மின் ஸ்ட்ரீட் கார்டு என்னும் ஆர்வலர் குழு தோன்றி, அகழாய்வுச் சான்றுக்கு ஒத்த கவசங்களைத் தாமே செய்து அணிந்து மக்கள்முன் அணிவகுக்கத் தொடங்கியது. 1985இல் ஜெர்மானிய வரலாற்றறிஞர் மார்க்குஸ் யுங்கெல்மான், அகுஸ்து காலத்துப் படைவீரரின் முழுச் சுமையுடன் சிறு குழுவாக வெரோனாவிலிருந்து ஆல்ப்ஸ் மலையைக் கடந்து ஆக்ஸ்பர்க் வரை நடந்தே சென்றார். எந்த வார் தோளை அறுக்கும், எந்தச் செருப்பு மலையில் தாங்கும் என்பதை நூலகத்தில் இருந்துகொண்டு அறிய முடியாதல்லவா!

இத்தகைய மீள்நடிப்பாளரிடம் நாம் கற்க வேண்டிய ஒழுக்கம் ஒன்று உண்டு. ‘உரோமையன் போலத் தோன்றுகிறதா?’ என்று அவர்கள் கேட்பதில்லை. எந்த ஆண்டு, எந்த மாநிலம், எந்தப் படைப்பிரிவு, என்ன பதவி என்றே கேட்கிறார்கள். இந்நான்கிற்கும் விடை கூறிய பின்னரே தலைக்கவசத்தைத் தேர்கிறார்கள்.

இக்கேள்விகளைக் கல்வாரிக்குக் கொண்டு செல்வோம். பிலாத்து யூதேயாவை ஆண்டது கி.பி. 26 முதல் 36 வரை. அன்று யூதேயாவில் லெகியோன் எனப்படும் உரோமைக் குடிமக்களின் பெரும்படை நிலைகொண்டிருக்கவில்லை. அப்படைகள் வடக்கே சிரியாவில் இருந்தன. ஆளுநரின் கையில் இருந்தவை துணைப்படைகள். செசரியாவிலும் செபஸ்தேயிலும் திரட்டப்பட்ட ஐந்து காலாட் பிரிவுகளும் ஒரு குதிரைப் பிரிவும் அங்கு இருந்ததைச் சில ஆண்டுகள் கழித்து நிகழ்ந்தவற்றைக் கூறும்போது யோசேபு என்னும் வரலாற்றாசிரியர் குறிப்பிடுகிறார். ஆகவே சிலுவையின் அடியில் நின்றவர்கள் பெரும்பாலும் டைபர் நதிக்கரையிலிருந்து வந்தவர்கள் அல்லர். அந்த மண்ணிலேயே பிறந்த சிரியரும் சமாரியரும் ஆவர்.

இந்த ஓர் உண்மை ஆடைப்பெட்டியையே கவிழ்த்துவிடுகிறது. திரைப்படங்கள் விரும்பும் பட்டைத் தகட்டுக் கவசம் அக்காலத்தில் இல்லாததன்று, கி.பி. 9ஆம் ஆண்டின் போர்க்களமாகக் கருதப்படும் கால்கிரீசாவில் 2018இல் ஏறத்தாழ முழுமையான ஒன்றே கிடைத்துள்ளது. ஆனால் யூதேயாவின் துணைப்படை வீரனுக்கு இரும்புக் கண்ணிகள் கோத்த வளையக் கவசமே பொருத்தமானது. வளைந்த செவ்வகக் கேடயத்தினும் தட்டையான நீள்வட்டக் கேடயமும், எறிபடையான பீலுத்தினும் சாதாரண ஈட்டியும் அவனுக்கு உரியவை. இயேசுவின் விலாவைக் குத்தியதற்கு யோவான் குறிப்பிடும் கருவியும் ஈட்டியே.

தலைக்கவசத்தில்தான் பிழைகள் மலிந்துள்ளன. நெற்றிக்கு மேல் பூவேலைப் பட்டை அமைந்த கிரேக்கப் பாணிக் கவசத்தை மேடைகள் மிகவும் விரும்புகின்றன. அது உரோமைச் சிற்பங்களில் நிறைய உண்டு. காலாட்படையினரின் பாசறை மண்ணில் கிடைப்பதோ மிக அரிது. சிற்பிகள் கிரேக்க மரபின் அழகுக்கு அடிமைப்பட்டிருந்தார்கள் என்று கொள்வதே முறை. அடுத்த பிழை, உச்சியில் குறுக்கும் நெடுக்குமாக இரும்புப் பட்டைகள் பொருத்திய கவசம். இவ்வலிவூட்டல் திராயானின் தாக்கியப் போர்களை (கி.பி. 101–106) ஒட்டியே பரவியது. எபிரோன் அருகே கிடைத்து இன்று எருசலேம் அருங்காட்சியகத்தில் உள்ள புகழ்பெற்ற தலைக்கவசத்திலும் இத்தகைய குறுக்குப் பட்டைகள் உண்டு. பலஸ்தீன மண்ணில் கிடைத்ததாயிற்றே என்று அதனைக் கல்வாரிக் காவலனுக்குச் சூட்டுவோர் உளர். அது பார் கொக்பா கிளர்ச்சிக் காலத்தோடு, அதாவது ஏறத்தாழ நூறு ஆண்டுகள் பிந்தைய காலத்தோடு இணைத்துப் பேசப்படுவது. இடம் சரி, ஆண்டு தவறு.

சரியானது எது? ராபின்சன் கூலுஸ் என்று பெயரிட்ட, பிடரித்தகடும் நெற்றிப்பட்டையும் கன்னத்தகடுகளும் கொண்ட எளிய பித்தளைக் கவசம். அல்லது காலிய மரபில் வந்த, நெற்றியில் புருவம் போன்ற வடிவம் புடைத்த இரும்புக் கவசத்தின் முற்பட்ட வகை. கொண்டை தேவையில்லை என்பது என் கருத்து. அது கழற்றி மாட்டக்கூடிய அணி. கி.மு. 57இல் பகைவர் திடீரெனத் தாக்கியபோது அணிகளைப் பொருத்தவோ கேடய உறையைக் கழற்றவோ வீரருக்கு நேரமில்லை என்று சீசரே எழுதுகிறார். மூன்று குற்றவாளிகளைத் தூக்கிலேற்றும் நாளாந்தப் பணிக்கு எவன் தூவி சூடி வந்திருப்பான்?

நூற்றுவர் தலைவர் நிலை வேறு. அவருடைய கொண்டை காதிலிருந்து காதுக்குக் குறுக்காக அமைவது. ஆஸ்திரிய நாட்டின் கார்நுந்தத்தில் கிடைத்த திட்டுஸ் கலிதியுஸ் செவேருஸ் என்பாரின் கல்லறைக்கல்லில் அதனைக் காணலாம். அவர் துணைப்படையில் குதிரைவீரராகத் தொடங்கி 34 ஆண்டுகள் உழைத்து லெகியோனின் நூற்றுவர் தலைவரானவர். 58 வயதில் இறந்தார். கி.பி. 9இல் மாண்ட மார்க்குஸ் காயேலியுஸ் என்பாரின் நினைவுக்கல்லில் கையில் திராட்சைக் கொடித் தண்டு உள்ளது. அதுவே பதவியின் அடையாளம். அவருக்கு வயது 53. இளமைத் தோள்களைத் தேடி நூற்றுவர் தலைவர் வேடத்துக்கு ஆள் பிடிக்கும் நம் இயக்குநர்கள் இவ்விரு கற்களையும் சற்று நோக்கினால் நலம்.

துல்லியத்தை நாடும் மீள்நடிப்பாளரிடமும் குறையுண்டு. ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற இருபது கவசங்கள், அனைத்தும் நேற்றுத் துலக்கியவை! இத்தகைய பிரதிகளில் கணிசமானவை டேராடூன் முதலிய நம் நாட்டு நகரங்களின் பட்டறைகளில் செய்யப்பட்டு ஐரோப்பாவுக்குக் கப்பலேறுகின்றன என்பது பலர் அறியாத செய்தி. பட்டறைக்காரரைக் குறைகூறப் பயனில்லை. கேட்டதைச் செய்து தருகிறார். பிழை கேட்பவரிடம். இலண்டனில் கிடைத்துப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள கூலுஸ் வகைக் கவசமொன்றின் பிடரித்தகட்டில் அடுத்தடுத்து அதனை அணிந்த நால்வரின் பெயர்கள் புள்ளிகளாகக் குத்தப்பட்டுள்ளன. ஒரு கவசம் நான்கு தலைகளைக் கண்டிருக்கிறது. ஆகவே ஒரே அணியில் பழையதும் புதியதும், நசுங்கியதும் ஒட்டுப்போட்டதும் கலந்து நிற்பதே மெய்.

இனி முகத்துக்கு வருவோம். 1960களில் மசாதாக் கோட்டையின் அகழாய்வில் கிடைத்த நாணற்தாள் ஒன்றில், பெய்ரூத்தைச் சேர்ந்த காயுஸ் மெஸ்ஸியுஸ் என்னும் லெகியோன் வீரனின் சம்பளக் கணக்கு உள்ளது. கல்வாரிக்கு நாற்பது ஆண்டுகள் பிந்தையது எனினும் அந்நாட்டின் சிப்பாய் வாழ்வை அதனினும் தெளிவாகக் காட்டும் சான்று அரிது. தவணைச் சம்பளம் 50 தெனாரியம். பார்லிக்கு 16, உணவுக்கு 20, காலணிக்கு 5, தோல் வார்களுக்கு 2, நார்ப்பட்டு அங்கிக்கு 7. கூட்டிப் பாருங்கள்: மிச்சம் ஏதுமில்லை. சம்பளத்தில் ஏழில் ஒரு பங்கு ஓர் அங்கிக்குப் போகிறது. துணைப்படையினருக்கு இதனினும் கூடுதலாகக் கிடைத்திருக்க வழியில்லை. தையலில்லாத அங்கி ஒன்றுக்காகச் சீட்டுப் போட்ட நால்வரை, பொற்கவசம் பூண்ட அரக்கர்களாக நிறுத்தும்போது அச்செயல் வெறும் கொடூரமாகிறது. அங்கியின் விலை தெரிந்த ஏழைகளாக நிறுத்தினாலோ, அது நாம் அன்றாடம் அறிந்த சிறுமையாகிறது. பின்னதே நம்மைக் கூடுதலாகக் குத்தும்.

இன்னொன்றும் உண்டு. கி.பி. 44இல் யூத மன்னர் அகிரிப்பா செசரியாவில் இறந்தபோது, செசரியா, செபஸ்தே ஊராரும் அவ்வூர்களின் படைவீரரும் மகிழ்ந்து விருந்துண்டனர், மன்னரின் புதல்வியரின் சிலைகளை இழிவுபடுத்தினர் என்று யோசேபு எழுதுகிறார். அதே ஊர்களில் திரட்டிய படையே ஆளுநர் மாளிகை முற்றத்தில் ‘யூதரின் அரசருக்கு’ முள்முடி சூட்டி மண்டியிட்டது என்று எண்ணிப் பார்க்கும்போது அந்த ஏளனம் வேறோர் ஒலியைப் பெறுகிறது. அது தொலைநாட்டு வல்லரசின் திமிர் மட்டுமன்று; பக்கத்து ஊர்ப் பகையும் ஆகும். அரசமுடிக்கு முள் கிடைத்தது; அரச ஆடைக்கு மத்தேயு சொல்லும் செந்நிறப் போர்வை, யாரோ ஒரு வீரனின் தோளிலிருந்தே கழற்றப்பட்டிருக்க வேண்டும். இதனை மேடையில் காட்ட வளையக் கவசமும் சிரிய முகமும் போதும். தசை புடைத்த தோற்கவசம் ஒருபோதும் காட்டாது.

பக்தி அரங்கு அருங்காட்சியகமாக வேண்டுமா என்றால், வேண்டாம். பிலிப்பைன்ஸ் நாட்டின் மாரிந்துக்கே தீவில் புனித வாரத்தில் மரமுகமூடியும் மலர் செறிந்த தலைக்கவசமும் அணிந்து மோரியோன்கள் தெருவில் திரிகின்றனர். பெயரே பதினாறாம் நூற்றாண்டு இஸ்பானியத் தலைக்கவசத்தினுடையது. செவில் நகரில் மக்கரேனா அன்னையின் பவனிக்கு முன்னே வெண்ணிறத் தீக்கோழித் தூவி அசைய உரோமைக் காவலர் நடக்கின்றனர். இவர்களிடம் குறைகாண நான் துணியேன். இவர்கள் வரலாறு என்று சொல்லிக்கொள்ளவில்லை. மெய்யென்று உரிமை கோருவோரிடமே என் வாதம். 2004இல் வெளிவந்த ‘தி பேஷன் ஆஃப் தி கிறைஸ்ட்’ பழைய மொழிகளிலேயே பேசி மெய்ம்மையை நாடியது. ஆயினும் கிழக்கு மாநிலங்களின் பொதுமொழியான கிரேக்கத்தை விட்டுவிட்டு வீரரை இலத்தீன் பேச வைத்தது. அங்கும் அவர்கள் தொலைவிலிருந்து வந்த அந்நியராகவே நின்றனர்.

சிறு நிதியுடன் பாஸ்கா அரங்கேற்றும் குழுவுக்கு என் பரிந்துரை இது. உலோகத் தகடுகள் தைத்த இடைக்கச்சே உரோமை வீரனின் அடையாளம். கல்லறைக் கற்கள் பலவற்றில் வீரர் கவசமோ தலைக்கவசமோ இன்றி, அங்கியும் போர்வையும் கச்சும் வாளுமாகவே நிற்கின்றனர். எனவே முதலில் சாயமிடாத அங்கியும் கச்சும் தைத்துக்கொள்ளுங்கள். அடுத்து காலணி, அடியில் இரும்பு ஆணிகள் அறைந்ததாக இருக்கட்டும். கி.பி. 70இல் எருசலேம் கோவில் முற்றத்தில் பகைவரைத் தனியே துரத்திச் சென்ற ஜூலியானுஸ் என்னும் நூற்றுவர் தலைவர், அந்த ஆணிகள் கல்தளத்தில் வழுக்கியதால் விழுந்து மாண்டார். பலகை மேடையில் அக்காலணிகள் எழுப்பும் ஓசை, திரைக்குப் பின்னாலிருந்தே காவலரின் வரவைச் சொல்லிவிடும். பணம் மிஞ்சினால் ஈட்டி. தலைக்கவசத்தை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.