ஒடுக்கு எடுக்கலாமா?

பழைய லேண்ட் ரோவர் ஒன்றைக் கொட்டகையிலிருந்து வெளியே இழுத்துப் போட்டதும், அதைப் புதுப்பிக்க வந்தவர் முன்னால் வந்து நிற்கும் கேள்வி எஞ்சின் ஓடுமா என்பதல்ல. எஞ்சினை எப்படியும் ஓட்டிவிடலாம். பின்பக்கத் தகட்டில் அரை நூற்றாண்டுக்கு முன் விழுந்த ஒடுக்கை எடுப்பதா, விடுவதா என்பதுதான் கேள்வி. 1948 முதல் 1958 வரை இங்கிலாந்தின் சொலிஹல் ஆலையில் உருவான முதல் வரிசை வண்டிகளைப் போற்றுவோரின் கூட்டத்தில் புதிதாகச் சேரும் எவரும் இந்த வழக்கில் ஒரு பக்கம் நின்றாக வேண்டும். நான் விடுகிறவர்களின் பக்கம். இதைக் கண்ணுக்குப் பிடித்தது, பிடிக்காதது என்று மட்டும் சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அவரவர் ரசனை அவரவருக்கு. ஆனால் இங்கே ரசனைக்கு அடியில் காரணம் ஒன்று கிடக்கிறது. அது இந்த வண்டியின் தகட்டிலும் சேஸிஸிலும், இவற்றை இப்படிச் செய்ய வைத்த பஞ்சத்திலும் இருக்கிறது.

போர் முடிந்த பிரிட்டனில் இரும்பு பங்கீட்டில் இருந்தது. வெளிநாட்டுக்கு விற்று அந்நியப் பணம் கொண்டுவரும் ஆலைக்குத்தான் எஃகு கிடைக்கும். ரோவர் நிறுவனம் அதுவரை செய்துவந்ததோ கனவான்களுக்கான கார். அதன் தலைமைப் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸ் வேல்ஸின் ஆங்கிள்சி தீவிலிருந்த தன் நிலத்தில் போர்க்காலத்து வில்லிஸ் ஜீப் ஒன்றை வைத்து வேலை வாங்கிக்கொண்டிருந்தார். அது தேய்ந்துபோனால் அடுத்து எதை வாங்குவது என்ற யோசனையிலிருந்து 1947இல் பிறந்ததுதான் லேண்ட் ரோவர். 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது வெளியுலகுக்கு வந்தது. எஃகுத் தகடு கிடைக்காததால் உடலை பர்மபிரைட் என்னும் அலுமினிய-மெக்னீசியக் கலவையில் செய்தார்கள். பெரிய அச்சு எந்திரங்களுக்குச் செலவழிக்கப் பணம் இல்லாததால், எளிய எந்திரங்களில் மடித்தும் வளைத்தும் செய்யக்கூடிய தட்டையான தகடுகளாகவே வண்டியை வரைந்தார்கள். சேஸிஸுக்கும் தயாரான உத்தரம் எதுவும் இல்லை. நான்கு எஃகுப் பட்டைகளைப் பெட்டிபோல நிறுத்தி, ஓரம் ஓரமாக வெல்டிங் செய்து நீட்டினார்கள். சில காலம் ஓட்டிவிட்டு நிறுத்திவிடலாம் என்று நினைத்துத் தொடங்கிய இந்த வண்டியின் வழித்தோன்றல் அதே சொலிஹலில் 2016 ஜனவரி 29 வரை உருவாகிக்கொண்டிருந்தது.

இதிலிருந்து கிடைப்பது வெறும் வரலாற்றுச் சுவை மட்டுமல்ல. தட்டைத் தகடும் போல்ட்டும் ரிவெட்டுமாகச் செய்த பொருளைக் கழற்றலாம், தட்டலாம், ஒட்டுப் போடலாம், மறுபடி மாட்டலாம். மட்கார்டு ஒன்று நசுங்கினால் சில போல்ட்டுகளைக் கழற்றி அதை மட்டும் எடுத்துவிடலாம். ஊருக்குத் தொலைவில் பண்ணையிலோ பாலைவனத்திலோ கையில் இருக்கும் ஸ்பேனரோடு சரிசெய்ய முடியும் என்பதுதான் இதன் வடிவமே. ஆகவே இந்த வண்டியில் பழுது பார்த்த தழும்பை வெளியிலிருந்து வந்த கறையாக நான் பார்ப்பதில்லை. எந்த வேலைக்காக வரைந்தார்களோ அந்த வேலையை அது செய்தது என்பதற்கான அத்தாட்சியாகப் பார்க்கிறேன். ஒரு ரோல்ஸ் ராய்ஸின் கதவில் விழுந்த ஒடுக்கு விபத்து. லேண்ட் ரோவரின் பின்தொட்டியில் விழுந்த ஒடுக்கு உழைப்பு.

கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். எஃகுக்கும் அலுமினியத்துக்கும் முதுமை ஒரே மாதிரி வருவதில்லை. எஃகு துருப்பிடித்து உதிர்ந்து கடைசியில் காணாமலே போகிறது. தன் கதையைத் தானே அழித்துக்கொள்ளும் உலோகம் அது. பர்மபிரைட் உதிராது, வாங்கிய அடியை அப்படியே வைத்துக்கொள்ளும். ஓட்டுநரின் முழங்கை பல்லாண்டு உராய்ந்த விளிம்பில் பச்சைப் பூச்சு தேய்ந்து, கீழிருந்து மங்கிய சாம்பல் வெள்ளி எட்டிப் பார்க்கும். தொட்டியின் விளிம்பில் துத்தநாகம் பூசிய எஃகுப் பட்டை ஓடும். சுமை ஏற்றி இறக்கிய இடத்தில் அந்தப் பட்டை மட்டும் மெல்லக் குழிந்திருக்கும். எஃகும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்ட மூலைகளில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். அங்கே தன்னைக் கொடுத்து எஃகைக் காப்பது அலுமினியம்தான். வலப்பக்க ஸ்டியரிங் வண்டியில் ஓட்டுநரும் பெட்ரோல் டேங்கும் ஒரே பக்கம் என்பதால், அந்தப் பக்கத்து ஸ்பிரிங் பட்டையும் மறுபக்கத்துப் பட்டையும் ஒன்றல்ல. அவசரக்காரர் இரண்டையும் மாற்றி மாட்டினால் பளபளவென்று புதுப்பித்த வண்டி தெருவில் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். 1950 வரை வந்த வண்டிகளில் நான்கு சக்கர இழுவை எப்போதும் இருந்தது. முன்சக்கர இழுவையில் ஃப்ரீவீல் ஒன்றை வைத்து, தேவைப்படும்போது அதைப் பூட்டக் காலடியில் ஒரு வளையத்தைக் கொடுத்திருந்தார்கள். அந்த வளையத்தை எந்த ஆண்டு வண்டியில் எதிர்பார்க்க வேண்டும் என்று தெரிந்தவரே கழற்றிப் போட்ட வண்டியைச் சரியாகச் சேர்ப்பார். இந்த அறிவில் பெரும்பகுதி ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுத்து வருவது. புதுப்பிப்போர் ஒன்றுகூடுவதன் பெரிய பயன் உதிரிபாகம் கிடைப்பதல்ல, பார்க்கக் கற்பது.

என் கட்சிக்கு மிக வலுவான சாட்சி, வண்டியைச் செய்த நிறுவனத்திடமே கிடைக்கிறது. 2016இல் லேண்ட் ரோவரின் பழைய வண்டிப் பிரிவு முதல் வரிசை வண்டிகளில் 25ஐத் தேடிப் பிடித்து, ஆலையை விட்டு இன்றுதான் வெளியே வந்தவைபோலப் புதுப்பித்து விற்கப்போவதாக அறிவித்தது. வேலை நேர்த்தியானது, சந்தேகமில்லை. ஆனால் இரண்டே ஆண்டில், 2018 தொடக்கத்தில், அதே பிரிவுக்கு வேறொரு வண்டி வந்து சேர்ந்தது. 1948 ஆம்ஸ்டர்டாம் கண்காட்சிக்குப் போன மூன்று முன்னோடி வண்டிகளில் ஒன்று அது. கடைசியாகச் சாலையில் ஓடியது 1960களில். பிறகு வேல்ஸில் ஒரு வயலில் இருபது ஆண்டு கிடந்தது, கடைசியில் சொலிஹலுக்குச் சில மைல் தொலைவிலேயே ஒரு தோட்டத்தில் ஒதுங்கியிருந்தது. இதற்கு என்ன செய்யப்போகிறோம் என்று நிறுவனம் சொன்னது கவனிக்கத் தக்கது. 1948இல் அடித்த வெளிர் பச்சைப் பூச்சு உட்படக் காலத்தின் தடயங்களை அப்படியே காப்போம் என்றது. புதிய பூச்சை எத்தனை டின் வேண்டுமானாலும் கலக்கத் தெரிந்த இடம் அது. இருந்தும் உண்மையிலேயே விலை மதிப்பற்ற ஒன்று கையில் கிடைத்தபோது பூச்சுத் துப்பாக்கியைக் கீழே வைத்தார்கள். மற்ற வண்டிகளுக்கு ஒரு நியாயம், இதற்கு ஒரு நியாயமா? தடயம் அரிய வண்டிக்கு மதிப்பு என்றால் சாதாரண வண்டிக்கும் மதிப்புத்தான், அளவுதான் வேறு.

860001 என்ற சேஸிஸ் எண் கொண்ட முதல் உற்பத்தி வண்டியான ஜே.யூ.ஈ. 477 இன்னொரு சாட்சி. நார்தம்பர்லாந்துப் பண்ணையில் திறந்த வெளியில் பல்லாண்டு கிடந்த அதை மீட்டபோதும், பழைய உலோகத்தில் முடிந்தவரை காப்பதே நோக்கமாக இருந்தது. இதைவிட எனக்குப் பிடித்தது ஆக்ஸ்ஃபர்ட் என்று பெயர் வைத்த 1955 வண்டி. ஆக்ஸ்ஃபர்ட், கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஆறு பேர் இரண்டு லேண்ட் ரோவர்களில் 1955 செப்டம்பரில் லண்டனை விட்டுக் கிளம்பி 1956 மார்ச்சில் சிங்கப்பூர் சேர்ந்தார்கள். அந்த இரண்டில் எஞ்சியது இது ஒன்றே. பின்னாளில் தென் அட்லான்டிக்கின் செயின்ட் ஹெலனா தீவில் நெடுங்காலம் கிடந்துவிட்டு இங்கிலாந்து திரும்பியது. அதை ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தார்கள், புதிதாக்கவில்லை. 2019இல் அதே வண்டி சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்கு எதிர்த்திசையில் ஓடிச் சேர்ந்தது. முதல் பயணத்தில் போன டிம் ஸ்லெஸ்ஸர் அப்போது எண்பது வயதைத் தாண்டியிருந்தார். அவரும் போவதாகத்தான் இருந்தது. உடல்நிலை இடம் தராததால் அவர் இடத்தில் பேரன் போனார். பளபளப்பாக்கிய வண்டியும் அந்தத் தூரத்தை ஓடியிருக்கும். ஆனால் 1955இல் போன அதே தகடுதான் திரும்பி வருகிறது என்று பார்த்தவர் மனத்தில் பட்டிருக்காது.

எதிர்க்கட்சியின் முதல் வாதம் எளிதில் ஒதுக்கத் தக்கதல்ல. 1948இல் வாங்கியவர் புத்தம் புது வண்டியைத்தான் வாங்கினார், செய்தவன் எண்ணியதும் அந்தத் தோற்றத்தைத்தான், பின்னால் வந்த அழுக்கையும் தேய்மானத்தையும் எதற்குப் போற்றவேண்டும் என்பார்கள். செய்தவனின் எண்ணம் பெரிது என்பதை ஏற்கிறேன். ஏற்றுக்கொண்டு பார்த்தால் வாதம் அவர்கள் மேலேயே திரும்புகிறது. 450 பவுண்டு விலையில் கதவைக்கூட முதலில் உபரிச் சாமானாக வைத்து விற்ற வண்டி இது. தகடுகளின் இடைவெளி சீராக இராது, பூச்சு கண்ணாடிபோல இராது. இன்று பட்டி வைத்துத் தேய்த்து, இடைவெளியை மில்லிமீட்டர் கணக்கில் நிரவி, ஐந்தாறு கோட் பூச்சு ஏற்றி நிறுத்தும் வண்டி 1948இல் எந்த நாளிலும் இருந்ததில்லை. அது திரும்பக் கொண்டுவந்த பழமை அல்ல, இன்றைய கையின் கற்பனை. புதிது போலச் செய்கிறேன் என்பவர், ஆலை செய்த புதிதையாவது செய்யட்டும். அதில் குறைகளும் சேர்த்தி.

இரண்டாவது வாதம் துருவைப் பற்றியது. தகடு அலுமினியமானாலும் சேஸிஸ் எஃகு, ஓட்டுநர் முன்னால் நிற்கும் தடுப்புச் சுவரும் எஃகு. இரண்டும் துருவில் போகும்; சேஸிஸின் பின்குறுக்குச் சட்டமும் காலடிக் குழியும் முதலில் போகும். இவற்றை மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால், மாற்ற மாற்ற மிஞ்சுவது எது? பிடியும் மாறி, அலகும் மாறிய அரிவாள் அதே அரிவாள்தானா என்ற பழைய புதிர்தான் இது. இங்கே விடை கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. பாகங்களில் தேய்வதற்கென்றே செய்தவை உண்டு, சாட்சி சொல்பவை உண்டு. பிரேக் லைனிங், ரப்பர் குழாய், பெட்ரோல் பைப், ஒயர் எல்லாம் தேய்வதற்கென்றே பிறந்தவை. இவற்றைத் தயங்காமல் மாற்ற வேண்டும். பழைய பிரேக் குழாயைக் காப்பாற்றுவதில் ரசனை எதுவும் இல்லை, அது ஆளைக் கொல்லும். சேஸிஸும் தடுப்புச் சுவரும் சாட்சி சொல்பவை. அழுகிய அளவுக்கு மட்டும் வெட்டி, நல்ல எஃகைப் பொருத்தி, மிச்சத்தை விட்டுவைப்பது முழுச் சேஸிஸையும் தூக்கிப் போட்டுப் புதியதை வாங்குவதைவிடப் பல மடங்கு வேலை. அந்த வேலைதான் கலை. துருவைப் போக்கும் அவசரத்தில் எல்லாத் தகட்டையும் மணல் வீச்சுக்குக் கொடுப்பவர்களும் உண்டு. மெல்லிய அலுமினியம் அந்த வேகத்தில் நெளிந்துபோகும், கூடவே பழைய பூச்சின் அடுக்குகளும் சேர்ந்து போகும். கோயில் சுவரில் மணல் வீசிச் சுத்தம் செய்ததில் கல்வெட்டு எழுத்து மழுங்கிப்போனதைப் பார்த்து நொந்தவர்களுக்கு இந்த இழப்பைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

என் கட்சிக்குள்ளேயே சிலருக்கு என்னோடு ஒத்துப்போகாத இடம் ஒன்று உண்டு. டார்ஜிலிங்கை அடுத்த மானேபஞ்சாங்கிலிருந்து சந்தக்ஃபு உச்சிக்கு 31 கிலோமீட்டர் ஏறும் மலைப்பாதையில் பழைய லேண்ட் ரோவர்கள் பல பத்தாண்டுகளாக ஆள் ஏற்றி ஓடியவை. உச்சியின் உயரம் 3,636 மீட்டர். தேயிலைத் தோட்டத் துரைமார் விட்டுப்போன முதல் வரிசை வண்டிகளும் அவற்றில் சேர்த்தி. பலவற்றில் ரோவர் எஞ்சின் போய் மஹிந்திரா டீசல் எஞ்சின் உட்கார்ந்திருக்கிறது. பாகம் கிடைக்காதபோது அங்குள்ளவர்கள் தாங்களே அடித்துச் செய்துகொண்டார்கள். அசல் பிரியர்கள் இதைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். எனக்கோ அது இந்த வண்டியின் இயல்புக்கு மிக நெருக்கமான வாழ்வாகத் தெரிகிறது. பஞ்சத்தில் கிடைத்ததைக் கொண்டு செய்த வண்டியை, பஞ்சத்தில் கிடைத்ததைக் கொண்டே ஓட்டினார்கள். அங்கே வெல்டிங் பிடித்த கை வில்க்ஸின் ஆட்களுக்கு அந்நியமானதல்ல. இங்கிலாந்துக் கொட்டகையில் சும்மா நிற்கும் வண்டியிலிருந்து அசல் எஞ்சினைக் கழற்றி எறிவது வேறு. பிழைப்புக்காக ஏறி இறங்கிய வண்டியின் நெஞ்சை மாற்றுவது வேறு. அந்த மாற்றமும் இப்போது அந்த வண்டியின் வரலாறுதான். அதை அவிழ்த்து அசலாக்க வேண்டும் என்று எவரும் கிளம்பக் கூடாது.

ஆனால் ஒன்றை மட்டும் எந்தக் கட்சிக்காரரும் மன்னிக்கக் கூடாது. முதுமைக்குச் சந்தையில் விலை ஏறியதும், புதுத் தகட்டில் உப்பு நீர் தெளித்துத் துரு வரவழைப்பவர்களும், பூச்சை வேண்டுமென்றே தேய்த்து விளிம்பில் வெள்ளி காட்டுபவர்களும் வந்துவிட்டார்கள். பளபளப்பாக்கியவர் தகட்டில் இருந்ததை அழித்தார், அவ்வளவுதான். இவர்கள் நடக்காததை எழுதுகிறார்கள். அனுபவம் உள்ள கண்ணுக்கு வேறுபாடு உடனே தெரியும். உண்மையான தேய்மானம் கை படும் இடத்திலும், கால் உரசும் இடத்திலும், சுமை இடிக்கும் இடத்திலும்தான் இருக்கும். போலித் தேய்மானம் பார்க்க அழகாக இருக்கும் இடத்தில் இருக்கும். முழங்கை எட்டவே எட்டாத கதவின் கீழ்மூலையில் பூச்சு உரிந்து, தினமும் உரசும் மேல் விளிம்பில் பச்சை புதிதாக நின்றால், அந்த வண்டியில் யாரும் உட்கார்ந்து ஓட்டவில்லை.